முனியப்பன் காட்டுக்கு நாங்கள் போட்ட கையெழுத்து

நம் நிலத்தை நாமே கெடுத்துவிடாதபடி சர்க்கார் தன் பணத்தைப் போட்டு நம்மிடமே கையெழுத்து வாங்கிக்கொள்ளும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன். அப்படி ஒரு திட்டம் எண்பதுகளின் நடுவில் எங்கள் பக்கத்துச் சில ஊர்களுக்கு வந்தது. அதைக் கேள்விப்பட்ட நாளில் மாரண்டஹள்ளியிலிருந்து ஊர் வரைக்கும் நான் மிதித்த மிதியில் சைக்கிள் செயின் இரண்டு தடவை கழன்றது. நெற்றியில் விபூதி, அதன்மேல் கை பட்ட கிரீஸ். அந்தக் கோலத்தில் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"என்னங்க இது, யாராச்சும் அடிச்சுட்டாங்களா?" என்றாள் என் மனைவி.

"நம்ம காடு பொழைச்சுக்கும்டி!" என்றேன். மூச்சு வாங்கியது. அதற்கு மேல் சொல்ல முடியவில்லை.

காட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு வடக்கே மலையடியில் எங்களுக்கு நிலம். கீழே நாலு ஏக்கர் மானாவாரிக் கொல்லை. ராகி போடுவோம், ஊடே அவரை, துவரை. கிணற்றில் தண்ணீர் நிற்கிற வருடம் ஒரு மூலையில் தக்காளி. கொல்லைக்கு மேலே மூன்று ஏக்கர் காடு. யாரும் நட்டது இல்லை, தானாக நிற்பது. ஊஞ்ச மரம், ஆச்சா, வேம்பு, வெப்பாலை, இடையில் ஆளை விடாத காரை முள். நடுவில் ஒரு பெரிய கரும்பாறை. பாறையின் கீழே முனியப்பன் இருக்கிறார். மூன்று கல், ஒரு வேல், மரத்தில் கட்டிய மணிகள், அவ்வளவுதான். மேலே கூரை கிடையாது, அவருக்கு ஆகாது.

அந்தக் காட்டில் எங்கள் ஊரில் ஒருவரும் சுள்ளி ஒடிக்க மாட்டார்கள். செருப்பை எல்லையில் விட்டுவிட்டுத்தான் நுழைவோம், அரிவாளும் அங்கேயே. ஆடு உள்ளே போய்விட்டால்கூட வெளியே நின்று குரல் கொடுத்துத்தான் வரவழைப்போம். மழை பெய்தால் காட்டுக்குள் விழுந்த தண்ணீர் நிதானமாக இறங்கி எங்கள் கிணற்றுக்கு வரும். பக்கத்து மொட்டைக் கரட்டில் விழுகிற மழை அரை மணி நேரத்தில் மண்ணையும் வாரிக்கொண்டு ஓடையில் போய்விடும். எங்கள் கிணற்றில் தண்ணீர் நிற்பது முனியப்பன் செய்கிற வேலை என்று நான் நம்பியிருந்தேன். மரம் செய்கிற வேலை என்று பிற்பாடு ஓர் அதிகாரி சொன்னார். இரண்டுக்கும் நடுவில் எனக்கு எந்தச் சண்டையும் தெரியவில்லை.

கொல்லையும் காடும் எனக்கும் என் தம்பிக்கும் கூட்டுப் பட்டா. நான் எட்டாவது வரை படித்து விவசாயத்தில் நின்றுவிட்டேன். தம்பி லாரி டிரைவர். மாரண்டஹள்ளி மண்டியிலிருந்து பெங்களூருக்குத் தக்காளி ஏற்றிப் போவான். வண்டி வேறொருவருடையது. எப்படியாவது சொந்தமாக ஒரு வேன் வாங்கிவிட வேண்டும் என்பது அவனுடைய பல வருடத்து ஆசை. அதில் தப்பு ஒன்றும் இல்லை.

அந்த ஆசைக்குள்தான் கல் கம்பெனிக்காரர் வந்து நுழைந்தார். அப்போது எங்கள் ஜில்லாவில் கரும்பாறைக்குத் திடீரென்று மவுசு வந்திருந்தது. அறுத்து மெருகு போட்டுக் கப்பலில் ஏற்றுகிறார்கள் என்றார்கள். அவர் ஒருநாள் தம்பியோடு வந்து எல்லைக்கு வெளியே நின்றபடியே எங்கள் பாறையைப் பார்த்தார். நல்ல மனிதர்போலத்தான் பேசினார். பாறையைக் குத்தகைக்குக் கொடுத்தால் அவர் தருகிற முன்பணத்தில் தம்பிக்கு வேன் வந்துவிடும். ஆனால் வெடி வைப்பார்கள். லாரி போக மரத்தை வெட்டி வழி போடுவார்கள். பாறையே போனால் பாறைக்குக் கீழே இருப்பவர் எங்கே போவார்?

"முனியப்பனுக்குக் கீழ கொல்லையில சிமெண்டுல கோயிலே கட்டித் தர்றேங்கறாரு அண்ணா" என்றான் தம்பி.

"அவரு கேட்டாரா சிமெண்டு?"

"நீ மட்டும் அவருகிட்ட தெனமும் பேசுற மாதிரி சொல்ற."

"பேசறேன்டா. நீ பேசுறதில்ல."

"செரி. கையெழுத்துப் போட மாட்டீன்னா பாகம் பிரிச்சுக் குடுத்துரு. கொல்லைய நீயே வெச்சுக்கோ. பாறை இருக்கிற பக்கம் எனக்கு."

கேட்டால் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும். பிரித்துவிட்டால் அவன் பங்கில் அவன் என்ன செய்தாலும் நான் கேட்க முடியாது. அது ஆனி மாதக் கடைசி. என் நல்ல நேரம், கல் கம்பெனிக்காரரே சொல்லிவிட்டார்: "ஆடி பொறக்கப் போவுது. ஆடியில எதுவும் ஆரம்பிக்க வேணாம். ஆவணி முதல் முகூர்த்தத்துல முடிச்சுக்கலாம்." எங்கள் பக்கம் ஆடியில் பெண் பார்க்க மாட்டார்கள், வீட்டுக்குக் கடக்கால் போட மாட்டார்கள், பத்திரம் எழுத மாட்டார்கள். ஆக எனக்கு ஒரு மாதம் கிடைத்தது. அந்த ஒரு மாதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

தெரியாமல் கிடந்தபோதுதான் மாரண்டஹள்ளியில் மண் பாதுகாப்பு அதிகாரி கூட்டம் போட்டார். இளவயதுக்காரர், தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள், முதல் வேலை. உரம் வாங்கப் போன நான் சும்மா ஓரமாக நின்றேன். அவர் சொன்னார்: மலையடி நிலத்தில் சரிவுக்குக் குறுக்கே சர்க்கார் செலவில் கல் வரப்பு போட்டுத் தருவோம். ஓடையில் தடுப்பணை கட்டித் தருவோம். காலி இடத்தில் கன்று நட்டு, காவலுக்கும் கூலி தருவோம். பதிலுக்கு நிலத்துக்காரர் ஒரு பத்திரம் பதிந்து தர வேண்டும். இருபது வருடத்துக்கு அந்த நிலத்தில் மரம் வெட்டக் கூடாது, கல் உடைக்கக் கூடாது, மனை போட்டு விற்கக் கூடாது. நிலம் கை மாறினாலும், பாகம் பிரிந்தாலும், வாங்குகிறவரையும் அது கட்டும்.

பாகம் பிரிந்தாலும் கட்டும்! அந்த வார்த்தை காதில் விழுந்ததும் உர மூட்டையைக் கடையிலேயே விட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். மூட்டை ஞாபகம் மறுநாள்தான் வந்தது.

மனு எழுதிப் போட்டோம். எழுதியது என் மனைவி. அவள் கையெழுத்துதான் எங்கள் வீட்டில் நல்ல கையெழுத்து. நாலே நாளில் அதிகாரி இடத்தைப் பார்க்க வந்துவிட்டார். கூட அளவுச் சங்கிலி பிடிக்க ஓர் உதவியாளர். எங்கள் வீட்டில் அன்று காலையிலிருந்தே திருவிழா. மனைவி எலுமிச்சை பிழிந்து சர்பத் கலக்கிவைத்தாள். நான் குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, பட்டை போட்டு நின்றேன். ஊரில் வேலை இல்லாதவர்கள், வேலை இருந்தவர்கள் எல்லாரும் பின்னாலேயே வந்தார்கள்.

கொல்லையை அளந்தார், எழுதினார். மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தார், எழுதினார். காட்டு எல்லைக்கு வந்தோம். "சார், செருப்பு" என்றேன். மனிதர் மறு பேச்சில்லாமல் பூட்ஸைக் கழற்றினார், கயிறு அவிழ்க்க நேரம் பிடித்தாலும். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. உள்ளே போய் நிழலில் நின்று மேலே பார்த்தார். "அடேயப்பா, இந்தக் கரட்டில் இப்படி ஒரு காடா? யாருதுங்க இது?" என்றார்.

நான் கையைக் கூப்பிக்கொண்டேன். "முனியப்பனுதுங்க சார்."

"இந்தக் காடு முழுசுமா?"

"முழுசும் அவருதுதானுங்க. ஒரு எலகூட எங்களுது இல்லீங்க."

பின்னால் நின்ற கூட்டம் முழுக்க ஆமாம் ஆமாம் என்றது. "எங்க பாட்டன் காலத்துல இருந்து சாமி காடுதானுங்க" என்று ஒருவர் எடுத்துக் கொடுத்தார். அதிகாரி தலையாட்டிக்கொண்டே எழுதினார். நானோ, சாமி பெயரைச் சர்க்கார் புத்தகத்தில் எழுதுகிறாரே என்று பூரித்துப்போய் நின்றேன். சர்பத் குடித்தார். சந்தோஷமாக வழியனுப்பினோம்.

ஆடி பிறந்து முதல் வாரத்தில் தபால் வந்தது. மனைவிதான் பிரித்துப் படித்தாள். படிக்கப் படிக்க அவள் முகம் மாறியது. நிலத்தின் மேல்பகுதி கோயில் நிலம் என்று மனுதாரரும் ஊர் மக்களும் நேரில் தெரிவித்ததால், தனியார் பட்டா நிலத்துக்கான இத்திட்டத்தில் அதைச் சேர்க்க இயலாது. காடு சேராமல் கொல்லையை மட்டும் எடுக்க முடியாது. ஆகவே மனு நிராகரிக்கப்படுகிறது.

"ஒரு எலகூட எங்களுது இல்லீங்க" என்று என்னைப்போலவே கையைக் கூப்பிக் காட்டினாள் அவள். "பட்டாவ வேட்டியில முடிஞ்சுக்கிட்டுப் போயி, எங்களுது இல்லன்னு சொல்லிட்டு வந்துருக்கீங்க. வேற யாராச்சும் இப்பிடிப் பண்ணுவாங்களா?"

"அவருதுதானடி?"

"அவருதுதான். அதுக்காகத் தாலுகா ஆபீசுல வரி கட்டுறது அவரா?"

தம்பிக்குச் சேதி எட்டியது. சிரித்துக்கொண்டே வந்தான். "ஏன்ணா, சர்க்காருகிட்ட முனியப்பனுதுங்கற. கல் கம்பெனிக்காரருகிட்ட மட்டும் என்னுது, குடுக்க மாட்டேங்கற. ஒரு வாயில ஒண்ணு பேசு."

அவன் கேட்டது சரியான கேள்விதான்.

மறுநாள் முதல் பஸ்ஸில் தர்மபுரி போய் அதிகாரி அலுவலகத்தில் நின்றேன். பட்டாவைக் காட்டினேன். பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "என்னங்க ஐயா, இவ்வளவு தெளிவா உங்க ரெண்டு பேர் பேரும் இருக்கு. அன்னைக்கு ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"உண்மையத்தானுங்க சொன்னேன்."

கோபம் வரவில்லை அவருக்கு. ஒரு வெள்ளைத் தாளை எடுத்துத் தந்தார். "பரவாயில்ல. இதில எழுதிக் குடுங்க. மேற்படி காடு எங்களுக்கே முழுப் பாத்தியம், கோயிலுக்கோ வேறு யாருக்குமோ அதில் எந்தப் பாத்தியமும் இல்லை. இது போதும். ஆனா சீக்கிரம். பதினஞ்சு நாளுக்குள்ள பத்திரம் பதிவாகலன்னா இந்தப் பணம் வேற தாலுகாவுக்குப் போயிடும்."

பேனாவை வாங்கினேன். 'மேற்படி காடு' என்று எழுதினேன். அதற்கு மேல் கை நகரவில்லை. முனியப்பனுக்கு எந்தப் பாத்தியமும் இல்லை என்று நான் எப்படி எழுதுவேன்? என் குழந்தைக்கு விஷக் காய்ச்சல் வந்து பிழைத்தபோது எந்த வேலின் முன்னால் விழுந்து கிடந்தேனோ, அவருக்குப் பாத்தியம் இல்லையா? எழுதினால் காடு பிழைக்கும். எழுதாவிட்டால் ஆவணியில் வெடிச் சத்தம். "கேட்டுட்டு வரேங்க சார்" என்றேன்.

"யாரைக் கேக்கணும்?"

"அவரைத்தானுங்க."

சிரிப்பார் என்று நினைத்தேன். "சீக்கிரம் கேளுங்க" என்றார்.

எங்கள் பக்கத்தில் சாமியிடம் கேட்பதற்கு ஒரு முறை உண்டு. வெள்ளரளிப் பூ ஒன்று, செவ்வரளிப் பூ ஒன்று. தனித்தனியாக இலையில் மடித்துப் பொட்டலம் கட்டி, கலைத்து, சாமிக்கு முன் போடுவோம். கேட்க வேண்டியதைச் சத்தமாகக் கேட்க வேண்டும். பிறகு அந்தக் காரியத்தில் மாறுபட்டு நிற்கிறவர்தான் ஒரு பொட்டலத்தை எடுக்க வேண்டும். அப்போதுதான் பின்னால் பேச்சு வராது. வெள்ளை வந்தால் செய். சிவப்பு வந்தால் செய்யாதே. மாறுபட்டு நிற்கிறவன் என் தம்பி. வருவானா என்று பயந்தேன். கூப்பிட்டதும் வந்துவிட்டான். அவனுக்கும் சாமி பயம் உள்ளே இருக்கத்தான் இருந்தது.

ஆடி இரண்டாம் வெள்ளி, விடிந்து சூடு ஏறாத நேரம். மனைவி ஈரத் தலையோடு பொங்கல் வைத்தாள். மேலே இலைகள் ஆடிக்கொண்டே இருந்தன. பொட்டலங்களை நான் போட்டேன். "சாமி, இந்தக் காடு எங்களுதுன்னு எழுதிக் குடுக்கட்டுமா? அப்பிடி எழுதுனாத்தான் இதக் காப்பாத்த முடியுமாம்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல இருந்தது.

தம்பி கண்ணை மூடிக் குனிந்து ஒன்றை எடுத்தான். பிரித்தான்.

சிவப்பு.

என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வழி அடைந்துவிட்டது. சாமியே வேண்டாம் என்கிறது, நான் என்ன செய்ய? இனி ஆவணி வரும், கல் கம்பெனிக்காரர் வருவார்.

தம்பி மட்டும் நின்றபடியே அந்தப் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப இது உன்னுது இல்ல" என்றான்.

"இல்லடா."

"என்னுதும் இல்ல."

நான் நிமிர்ந்தேன்.

"அந்தக் கல் கம்பெனிக்காரரு எழுதிக்கொண்டாந்த குத்தகைப் பத்திரத்துல மொத வரியே அதானே? எனக்கே சொந்தமான பாறைன்னு. உன்னய எழுதாதேன்னு சொன்னவரு என்னைய எழுதிக்கோன்னா சொல்லுவாரு?" பூவை மெதுவாகக் கல்லின் மேல் வைத்தான். "நல்லா மாட்டிவுட்டீங்க ரெண்டு பேரும்." என்னையும் மனைவியையும் சொன்னானா, என்னையும் முனியப்பனையும் சொன்னானா, தெரியவில்லை. விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டான். பொங்கல்கூடச் சாப்பிடவில்லை. அன்று மத்தியானமே லோடு ஏற்றிக்கொண்டு பெங்களூர் போனான் என்று கேள்விப்பட்டேன்.

நான் மறுபடி தர்மபுரி ஓடினேன். நடந்ததை அப்படியே சொன்னேன், சிவப்புப் பூவையும் சேர்த்து. அதிகாரி நாற்காலியில் சாய்ந்துகொண்டு யோசித்தார். பக்கத்து மேஜையில் இருந்த வயதான எழுத்தர் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுக்கொண்டு கேட்டார்:

"ஏங்க, பட்டா யார் பேருல இருக்குது?"

"எங்க பேருலதானுங்க."

"வரி யாரு கட்டுறது?"

"நாங்கதானுங்க."

"முனியப்பனுக்குப் பூசை பண்றது, காட்டைக் காவல் பாக்கறது?"

"நாங்கதானுங்க. தலமொற தலமொறயா."

"இதுல ஏதாச்சும் பொய் இருக்குதா?"

"இல்லீங்களே!"

"அப்ப இதையே எழுதுங்க. பட்டாதாரர்களாகிய நாங்கள், வரி கட்டி, பூசை செய்து, காத்து அனுபவித்து வருகிற காடு. தனியார் பட்டாவான்னுதான் சார் சர்க்கார் கேக்குது," என்று அதிகாரி பக்கம் திரும்பினார், "சாமிக்குப் பாத்தியம் இல்லன்னு எழுதி வாங்கச் சொல்லிச் சர்க்கார் எங்கயும் கேக்கல. கிராமக் கணக்குல கோயில் பேருல எதுவும் இல்லன்னு தாசில்தார் ஆபீசுல ஒரு சான்று வாங்கிக்கிட்டா முடிஞ்சுது."

அதிகாரி திட்டத்தின் உத்தரவை எடுத்து இரண்டு தடவை படித்தார். பிறகு மேஜையைத் தட்டினார். "ஆமாய்யா, சரியாத்தான் இருக்கு!" எனக்கு அந்த எழுத்தரின் காலில் விழலாம்போல இருந்தது. விழுந்தும் விட்டேன். "எந்திரிங்க, எந்திரிங்க, ஆபீசுல இதெல்லாம் கூடாது" என்று அவர் பதறினார். அந்தத் தாளில் என் கை ஓடியது பாருங்கள், பரீட்சையில்கூட அப்படி ஓடியது இல்லை.

அப்புறம் ஓட்டம்தான். பாலக்கோடு தாலுகா ஆபீசுக்கு மூன்று நடை. சான்று வாங்கினேன். வரி ரசீது ஒன்று காணாமல் வீட்டையே புரட்டி, கடைசியில் சாமி படத்துக்குப் பின்னால் கண்டெடுத்தோம். ஆடியில் பத்திரம் பதியலாமா என்று எனக்கே உள்ளூர ஓர் உறுத்தல். மனைவிதான் தீர்த்துவைத்தாள். "ஆடி நம்ம காரியத்துக்குத்தாங்க ஆவாது. சாமி காரியத்துக்கு ஆடியவிட்டா வேற மாசம் ஏது?" அந்தச் சொல் எனக்குப் போதும்.

வியாழக்கிழமை நாள் குறித்தார்கள். அதோடு பதினைந்து நாள் கெடு முடிகிறது. இரண்டு பட்டாதாரர்களும் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். தம்பியோ வீட்டுப் பக்கமே வரவில்லை. பெங்களூரிலிருந்து வந்தவன் மண்டியிலேயே படுத்துக்கொண்டு அடுத்த லோடுக்குப் போய்விட்டானாம். லாரி ஷெட்டில் சொல்லிவிட்டு வந்தேன். 'வியாழக்கிழமை, பாலக்கோடு ரிஜிஸ்டர் ஆபீஸ். உன் இஷ்டம்.' அதற்கு மேல் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவனுடைய வேனை நான்தான் பிடுங்குகிறேன் என்று எனக்குத் தெரியும்.

வியாழக்கிழமை நானும் மனைவியும் பத்து மணிக்கே போய்விட்டோம். ரிஜிஸ்டர் ஆபீஸ் காலியாகக் கிடந்தது. மற்ற மாதங்களில் நிற்க இடம் இருக்காது. பத்திர எழுத்தர் வேப்ப மரத்தடியில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஆடியில பத்திரமா? யாருய்யா அந்த தைரியசாலி?" என்று எழுந்தே வந்துவிட்டார். அதிகாரி ஜீப்பில் வந்தார். பத்திரம் தயார், சாட்சிகள் தயார். பதினொன்று, பன்னிரண்டு. நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். ஒவ்வொரு லாரிச் சத்தத்துக்கும் ரோட்டுக்கு ஓடினேன்.

"உக்காருங்க, ஓடுனா வந்துருவாரா?" என்றாள் மனைவி. சொல்லிவிட்டு அவளே எழுந்து ரோட்டைப் பார்த்தாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆபீஸை அடைத்துத் திறந்தார்கள். சப்-ரிஜிஸ்ட்ரார் கடிகாரத்தைக் காட்டினார். "மூணரைக்கு மேல எடுத்துக்க மாட்டேன்." அதிகாரி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அது முதல் பத்திரம். முனியப்பா, முனியப்பா என்பதைத் தவிர வேறு வார்த்தை நாக்கில் இல்லை.

மூன்றே காலுக்கு ஒரு தக்காளி லாரி வந்து ரோட்டோரம் நின்றது. காலிப் பெட்டிகள் கடகடவென்று ஆடி அடங்கின. அவன் குதித்து இறங்கினான். காக்கிச் சட்டை முழுக்கத் தக்காளிக் கறை. என்னைப் பார்க்காமலே என்னைத் தாண்டிப் படி ஏறினான்.

"சாப்ட்டியா தம்பி?" என்றாள் மனைவி.

"சாப்பாடெல்லாம் அப்புறம் அண்ணி. வண்டிய இங்க நிறுத்தக் கூடாதுங்கறான் போலீசுகாரன். எங்க போடணும், காட்டுங்க."

சப்-ரிஜிஸ்ட்ரார் பத்திரத்தைச் சத்தமாகப் படித்தார். இருபது வருடம், மரம் வெட்டாமல், கல் உடைக்காமல், எங்களுக்குப் பின் இந்த நிலத்தை அடைகிறவர்களையும் கட்டுப்படுத்தும் என்கிற இடம் வந்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மூத்தவன் என்று நான் முதலில் போட்டேன். பிறகு அவர் தம்பியை நிமிர்ந்து பார்த்தார். எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். "மனப்பூர்வமா போடறீங்களா? யாராவது வற்புறுத்தினாங்களா?"

"வற்புறுத்தினாங்க" என்றான் தம்பி.

பத்திரத்தை நகர்த்திய கை நின்றது. அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"யாரு?"

"எங்கண்ணன். எங்கண்ணி. அப்புறம் மேல பாறைகிட்ட ஒருத்தரு இருக்காரு. அவரு பேரை எழுதுனா உங்களுக்குத்தான் தொந்தரவு."

"யோவ், இது விளையாடற எடமில்ல. போடறியா, இல்லையா?"

"போடறங்க சார். மனசாரத்தான் போடறேன்." பேனாவை வாங்கினான். குனிந்தவன் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தான். கண் சிவந்திருந்தது, தூங்காத கண். "இன்னும் எத்தன வருசம் ஊரான் வண்டிய ஓட்டணுமோ தெரியல. அத நீ அவருகிட்டச் சொல்லு. நீதானே தெனமும் பேசற."

"சொல்றேன்டா" என்றேன்.

லாரிக்காரன் கையெழுத்து அவனுடையது, ஒரே இழுப்பில் கிறுக்கிவிடுவான். அன்று ஒவ்வோர் எழுத்தாகப் போட்டான். பள்ளிக்கூடத்தில் போடுவதுபோல நாக்கைக் கடித்துக்கொண்டு போட்டான். அப்புறம் கட்டை விரலில் மை. பத்திரத்தில் அழுத்தி எடுத்தான். அந்த நிமிடத்திலிருந்து அந்தக் காட்டில் ஒரு மரத்தை, ஒரு கல்லை, நானோ அவனோ எங்கள் பிள்ளைகளோ அவர்களிடம் வாங்குகிறவர்களோ இருபது வருடத்துக்குத் தொட முடியாது. அதிகாரி என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். என் விரல் மை அவர் வெள்ளைச் சட்டைக் கையில் ஒட்டியதை அவரும் கவனிக்கவில்லை. மனைவி சுவர்ப் பக்கம் திரும்பி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

நான் சப்-ரிஜிஸ்ட்ராரைப் பார்த்துக் கும்பிட்டேன். அவர் முத்திரையைக் குத்திவிட்டு, பழக்கத்தில், "அடுத்தது யாரு, வாங்க" என்றார். வருவதற்கு யாரும் இல்லை. வெளியே போலீஸ்காரர் விசில் ஊதினார். தம்பி, "வண்டி, வண்டி" என்று கத்திக்கொண்டே படியில் இறங்கி ஓடினான். நாங்கள் இருவரும் அவன் பின்னாலேயே ஓடினோம்.